காலில் மாவுக்கட்டு.. கையில் கப்பல் டிக்கெட்! பயணம் போகலாமா, வேண்டாமா?

ஆறு மாதத்துக்கு முன்பே சொகுசுக் கப்பலில் அறை போட்டு, பணமும் கட்டியாச்சு. கிளம்ப 3 வாரம் இருக்கும்போது மாடிப்படியில் சறுக்கி விழுந்து கணுக்காலில் எலும்பு முறிவு. இப்போது டிக்கெட்டை ரத்து செய்வதா, ஊன்றுகோலோடு கிளம்புவதா?

சென்னையிலிருந்து 2022-ல் சொகுசுக் கப்பல் பயணமும், 2023-ல் இலங்கைக்கான கப்பல் பயணமும் தொடங்கின. 2029-க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்கும் இலக்குடன் 2024 செப்டம்பரில் 'குரூஸ் பாரத்' திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. இப்படி கடல் பயணம் பெருகும்போது, இந்தக் கேள்வி யார் வீட்டிலும் வரலாம்.

ரத்து செய்தால் பணம் கிடைக்குமா?

புறப்படும் நாள் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும். கடைசி 2 வாரங்களில் ரத்து செய்தால் முழுத் தொகையும் போய்விடும் என்பதுதான் பல நிறுவனங்களின் விதி. பயணக் காப்பீடு இருந்தால் கைகொடுக்கும். ஆனால் அடிபடுவதற்கு முன்பே அதை எடுத்திருக்க வேண்டும். அடிபட்ட பிறகு எடுக்கும் பாலிசியில், அந்தக் காயத்தைச் சொல்லி இழப்பீடு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

கப்பலுக்குள் என்ன சிக்கல்?

முதல் சிக்கலே அறை வாசல்தான். பல கப்பல்களில் சாதாரண அறையின் வாசல் ஏறத்தாழ 23 அங்குல அகலம். வழக்கமான சக்கர நாற்காலியோ 25 அங்குலம். ஆக, நாற்காலி உள்ளேயே போகாது. குளியலறை வாசலிலும் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க சிறு தடுப்பு இருக்கும். அகலமான வாசலும் கைப்பிடிகளும் கொண்ட தனி அறைகள் உண்டு என்றாலும், அவை குறைவு. சீக்கிரமே நிரம்பிவிடும்.

சக்கர நாற்காலி கப்பலிலேயே கிடைக்கும் என்று நம்பிப் போவதும் ஆபத்து. ஏறி இறங்கவும் அவசரத் தேவைக்கும் மட்டுமே பெரும்பாலான நிறுவனங்கள் அதைத் தருகின்றன. பயணம் முழுக்கத் தேவை என்றால் சொந்தமாகக் கொண்டு போக வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும்.

எல்லா ஊரிலும் இறங்க முடியுமா?

முடியாது. சில ஊர்களில் கப்பல் துறைமுக மேடையை ஒட்டி நிற்காது. கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களை இறக்குவார்கள். கிராண்ட் கேமன் தீவில் இந்த முறைதான். கிரீஸின் சாண்டோரினியில் படகில் இறங்கிய பிறகும், மேலே ஊருக்குப் போக கேபிள் கார் ஏற வேண்டும்; இல்லையென்றால் ஏறத்தாழ 600 படிகள்! அலை அதிகமாக இருந்தால், நடக்க சிரமப்படுபவர்களைப் படகில் ஏற்ற ஊழியர்கள் மறுக்கலாம். எனவே எந்தெந்த ஊரில் படகு, எங்கே நேரடி இறக்கம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதிமுறை, தற்காலிகமாக நடக்க முடியாதவர்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. பொதுவாக 48 மணி நேரத்துக்கு முன் தகவல் சொன்னால், ஏற இறங்க இலவசமாக உதவ வேண்டும். பாதுகாப்பு அல்லது கப்பலின் அமைப்பு காரணமாக மட்டுமே பயணியை மறுக்கலாம். அமெரிக்கக் கடல் எல்லைக்குள் வரும் வெளிநாட்டுக் கொடி கப்பல்களுக்கும் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என 2005-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கப்பலின் பாதுகாப்பைப் பாதிக்கும் மாற்றங்களை அது கட்டாயமாக்கவில்லை.

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 'நீண்டகால' குறைபாடு உள்ளவர்களையே வரையறுக்கிறது. 2 மாத மாவுக்கட்டு அதற்குள் வருவது கடினம். அதாவது, இங்கே கால் உடைந்த பயணி பெரும்பாலும் நிறுவனத்தின் விதிகளையே நம்பியிருக்க வேண்டிய நிலை.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

* பயணம் செய்யலாம் என மருத்துவரிடம் எழுத்துப்பூர்வ சான்று வாங்க வேண்டும். காலை அசைக்காமல் நீண்ட நேரம் உட்கார்ந்தால் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு என்பதால், அது பற்றியும் கேட்க வேண்டும்.
* துறைமுகம் வரை விமானத்தில் போவதாக இருந்தால், கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகாதவர்களுக்குப் பல விமான நிறுவனங்கள் நிபந்தனை விதிக்கின்றன.
* தேவைப்படும் உதவியை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, பதிலையும் வாங்கி வைக்க வேண்டும். போனில் சொன்னது பிறகு நிற்காது.
* கப்பல் மருத்துவமனையில் சிகிச்சைக்குத் தனிக் கட்டணம் உண்டு. காப்பீட்டில் அதுவும், கரைக்கு அவசரமாக மாற்றும் செலவும் அடங்குமா எனப் பார்க்க வேண்டும்.
* ஆபத்து நேரத்தில் லிஃப்ட்டைப் பயன்படுத்தக் கூடாது. எனவே படியிறங்க முடியாது என்பதை ஏறியவுடனேயே ஊழியர்களிடம் பதிவு செய்ய வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு நிறுவனம் தெளிவாகப் பதில் தந்தால் தைரியமாகக் கிளம்பலாம். பதிலே வராவிட்டால், கொஞ்சம் பணம் போனாலும் தேதியை மாற்றிக்கொள்வதே நல்லது. கப்பல் அடுத்த மாதமும் போகும்; பாதி ஆறிய எலும்பில் மறுபடி அடிபட்டால் சிகிச்சையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.