சொல்லக் கூசும் சங்கடம்



தும்மும்போதோ, சிரிக்கும்போதோ, தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போதோ தம்மை அறியாமல் சில சொட்டுச் சிறுநீர் கசிவதை உம்மாவிடம்கூடச் சொல்லாமல் மறைக்கும் இளம் பெண்கள் எருக்கலம்பிட்டியிலும் இருப்பார்கள், தாராபுரத்திலும் இருப்பார்கள். கல்யாண வீட்டுக்குப் போகவும் தயக்கம்; தொழவும் தயக்கம்.

இது முதுமையில் மட்டும் வருவதல்ல. பிள்ளை பெற்றவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உண்டு. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் தளர்வதே முக்கிய காரணம். மலச்சிக்கல், தீராத இருமல், உடற்பருமன் ஆகியவற்றாலும் வரும். பிள்ளை பெறாதவர்களுக்கும் வரலாம்.

இதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். மன்னார் வெயிலில் அப்படிச் செய்தால் சிறுநீர் கடுத்துவிடும், மலமும் இறுகும், தொல்லை கூடும்.

நல்ல பரிகாரம் பயிற்சிதான். 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னோல்ட் கெகல் இதை எழுதி வெளியிட்டார். காற்றையும் சிறுநீரையும் அடக்குவதுபோல அடித்தசைகளை உள்ளே இழுத்து இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு தளர விடுங்கள். பழகப் பழகப் பத்துவரை கூட்டலாம். ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளையாவது செய்யுங்கள். தொழுது ஸலாம் கொடுத்தபின் முஸல்லாவில் இருந்தபடியே செய்தால் மறக்காது. தொழுகையில்லாத நாட்களில் பாங்கு கேட்டதும் செய்யுங்கள். தும்மல் வரும்போதும் பாரம் தூக்குமுன்பும் இறுக்கிக்கொள்ளுங்கள். பலன் தெரிய மூன்று மாதமாகலாம்.

“வுழூ என்னாகும்?” என்று கேட்பீர்கள். எப்போதாவது கசிந்தால் கழுவி, உடையை மாற்றி, மீண்டும் வுழூச் செய்யுங்கள். ஓயாமல் கசிபவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்து, வுழூச் செய்து தொழலாம். உங்கள் நிலைமையைச் சொல்லி ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள். தொழுகையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் மருத்துவ மாதுவிடம் தயங்காமல் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் மன்னார் பொது வைத்தியசாலையில் காட்டுங்கள். எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் இரத்தம் கண்டால் தாமதிக்கவே கூடாது.

மாமிமார்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை பெற்ற மருமகள் தும்மிவிட்டு எழுந்து ஓடினால் கேலி செய்யாதீர்கள். அவள் கையிலுள்ள குடத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.