கருவிக்கு முன் வினா

பல்கலைக்கழகமொன்று தன் வகுப்பறைகளுக்கு மாணவர் விடையளிப்புக் கருவிகள் வாங்கத் தலைப்படும்போது முதலில் கூடுவது கொள்முதல் குழு. இறுதியில், அதுவும் ஒப்புக்காக, கருத்துக் கேட்கப்படுபவர் ஆசிரியர். இவ்வரிசை பிழைபட்டது என்பதே நம் துணிபு.

கருவியின் செயல் எளிது. ஆசிரியர் திரையில் ஒரு வினாவை இடுவார். மாணவர் ஒவ்வொருவரும் கைக்குள் அடங்கும் பொத்தான் கருவியிலோ தம் கைப்பேசியிலோ தமக்குச் சரியெனப்பட்ட விடையை அழுத்துவர். சில நொடிகளில் வகுப்பு முழுவதன் மனமும் பட்டை வரைபடமாகத் திரையில் எழுந்து நிற்கும். அமெரிக்காவில் இதனைக் கிளிக்கர் என்பர்.

அங்கு இம்முயற்சி இருக்கைதோறும் கம்பி இழுத்த காலத்திலேயே தொடங்கிற்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் ராஃபேல் லிட்டாவர் 1970களின் தொடக்கத்தில் இதனைக் கையாண்டார். பின்னர் அகச்சிவப்புக் கதிர்க் கருவிகள் வந்தன. அவற்றை அலைவாங்கிக்கு நேரே நீட்டினாலன்றி விடை சேராது. பெருங்கூட்டம் ஒருசேர அழுத்தினாலும் தடுமாற்றம்தான். அவற்றை வானலைக் கருவிகள் ஒதுக்கின. இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் உருவாக்கிய ஐகிளிக்கர் அவ்வகையினது. அதனையும் இன்று கைப்பேசிச் செயலிகள் ஒதுக்கி வருகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் முந்தைய தலைமுறைக் கருவிகள் அலமாரிக்குப் போயின. நல்லாசிரியர் ஒருவர் செதுக்கிய வினாவோ எந்தக் கருவியிலும் பயன்பட்டது.

வினாவின் வலிமையை உலகிற்கு உணர்த்தியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் மசூர். பாரவண்டியொன்று சிற்றுந்தின்மீது மோதுகிறது. எது எதன்மீது மிகுவிசை செலுத்தும்? இரண்டும் சமவிசையே செலுத்தும் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை ஒப்பிப்பதில் மாணவர் எவரும் பின்வாங்குவதில்லை; வினாவைக் கண்டதும் பாரவண்டி என்றே பலர் விடை தருவர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹலூனும் ஹெஸ்டனீசும் 1985இல் இத்தகைய அடிப்படைக் கருத்து வினாக்களால் மாணவரைச் சோதித்து வெளியிட்ட முடிவுகளைப் படித்த மசூர், தம் மாணவர் அவ்வாறு இரார் என்னும் நம்பிக்கையோடே அவர்களையும் சோதித்தார். கடுங்கணக்குகளைச் செய்துமுடித்தவர்களும் எளிய வினாக்களில் தடுக்கி விழுந்தனர்.

1991 முதல் அவர் தம் வகுப்பை மாற்றினார். வினா எழுந்ததும் மாணவர் முதலில் தனித்துச் சிந்தித்து விடையளிப்பர். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் நின்றால், அருகிலிருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடையளிப்பர். அதனினும் குறைந்தால் ஆசிரியர் பாடத்துக்குத் திரும்புவார். மிகுந்தால் சிறு விளக்கத்தோடு மேலே செல்வார். தொடக்கத்தில் இத்தனையும் உயர்த்திய கைகளாலும் அட்டைகளாலுமே நடந்தன.

அண்டை மாணவனின் விடையைப் பார்த்தெழுதுவதுதானே இது என்னும் ஐயம் நியாயமானது. கொலராடோ பல்கலைக்கழக மரபணுவியல் வகுப்பில் ஆய்வாளர் அதனைச் சோதித்து 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். வாதத்துக்குப் பின் அதே கருத்தின்மேல் எழுந்த வேறொரு வினாவுக்கு ஒவ்வொருவரும் தனித்தே விடையளித்தனர், முன்னேற்றம் நிலைத்திருந்தது. தொடக்கத்தில் ஒருவருமே சரியான விடை அறிந்திராத குழுக்களிலும் அது தென்பட்டது.

அவ்வாறாயின் கருவிக்கு என்ன வேலை? கனடாவில் நாதனியேல் லாஸ்ரி இம்முறையை ஒருபுறம் கருவியாலும் மறுபுறம் அட்டையாலும் நடத்தி ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வு, கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையென்றது. கருவி விற்பவரின் விளம்பரத் தாளில் இம்முடிவு இடம்பெறுவதில்லை. எனினும் கருவியை வீணென ஒதுக்கவும் இயலாது. கை உயர்த்தச் சொன்னால் முன்வரிசையைப் பார்த்தே பின்வரிசை உயர்த்தும். பொத்தானில் அந்த நாணமும் போலச்செய்தலும் நீங்குகின்றன. எவ்வினாவில் எத்தனை பேர் எவ்வாறு வழிதவறினர் என்னும் பதிவும் ஆசிரியருக்கு எஞ்சுகிறது.

அந்தப் பதிவுதான் இடருக்கும் வாயில். விடைக்குரிய கருவி வருகைப் பதிவேடாக மாறிய கணமே அதன் கல்விப்பயன் சிதையத் தொடங்கும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 2014இல் வகுப்புக்கு வாராத மாணவரின் கருவிகளைத் தோழர் கொண்டுவந்து அழுத்திய செயல் வெளிப்பட்டு, 64 மாணவர் அதில் தொடர்புடையோராயினர். அப்பாடத்தின் பெயரிலேயே அறவியல் இருந்தது என்பதை வருத்தத்தோடு குறிக்கிறோம். 75 விழுக்காடு வருகையின்றித் தேர்வெழுத விடாத நம் பொறியியல் கல்லூரிகளில் இக்கருவி வந்திறங்கினால், முதல் வாரத்திலேயே அலுவலகம் அதனை வருகைக்குக் கேட்கும். துறைத்தலைவர்கள் அதற்கு இணங்கலாகாது. வாதத்துக்கு முன் அளிக்கும் முதல் விடைக்கு மதிப்பெண்ணும் வேண்டா. தவறும் உரிமை அங்கே மாணவனுக்கு வேண்டும்.

இனித் தெரிவு. மாணவர் தலையில் கருவியின் விலையைச் சுமத்துவது அமெரிக்க வழக்கம். நமக்கு அது பொருந்தாது. கைப்பேசிச் செயலிகள் மலிவாகத் தோன்றும். எனினும் இலவசப் பதிப்புகளில் பங்கேற்போர் தொகைக்கோ வினாத்தொகைக்கோ வரம்பு இருப்பதுண்டு. அரங்கின் வலையிணைப்பு நூற்றுக்கணக்கானோரை ஒருங்கே தாங்க வேண்டும். கைப்பேசியே கூடாதென்னும் கல்லூரியில் விதியும் கருவியும் முரண்படும். அறுபதுபேர் வகுப்புக்கு இன்னொரு வழி உண்டு. பிளிக்கர்ஸ் என்னும் முறையில் மாணவர் கையில் அச்சிட்ட அட்டை மட்டுமே. அதனை எத்திசையில் திருப்பிப் பிடிக்கிறார் என்பதே விடை. ஆசிரியரின் ஒற்றைக் கைப்பேசி அத்தனை அட்டைகளையும் படித்துவிடும். 63 அட்டைகள் வரை அதற்குத் தொகுப்பு உண்டு. அட்டையின் குறி ஒவ்வொருவருக்கும் வேறாதலால் அண்டையில் இருப்பவர் எளிதில் நகலெடுக்கவும் இயலாது. பெருவிரிவுரை அரங்குக்கு இது போதாது. அங்கே வானலைக் கருவியையோ செயலியையோ நாடலாம்.

ஆகவே, ஒரு பருவம் முழுவதும் அட்டைகளால் இம்முறையை நடத்தி, துறைக்கெனத் தேர்ந்த வினாத்தொகுப்பைச் சேர்த்துவைத்த துறைக்கே கருவிக்கான நிதி ஒதுக்குக. ஒப்பந்தப்புள்ளி கோரும்போது நான்கு நிபந்தனைகள் எழுத்தில் இருக்கட்டும்: முதல் வாக்கின் முடிவை ஆசிரியர் மட்டும் கண்டு, மாணவர் பார்வையிலிருந்து மறைக்க இயலவேண்டும், அதே வினாவுக்கு இரண்டாம் வாக்கெடுத்து இரண்டையும் அருகருகே காட்டவேண்டும், தமிழ் எழுத்தும் கணிதக் குறியீடும் சிதையாமல் திரையில் வரவேண்டும், மாணவர் பெயரோடு இணைந்த விடைகள் பருவ முடிவில் கருவி விற்கும் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து அழிக்கப்படவேண்டும். இவற்றுள் ஒன்றுக்கேனும் இணங்காத நிறுவனத்தின் விலைப்புள்ளி எத்துணைக் குறைவாயினும் திருப்பி அனுப்பப்படட்டும்.