உரிமைச் சாசனத்தை ஈன்ற தேர்தல்

அமெரிக்க அரசியலமைப்பின் முதற் பத்துத் திருத்தங்களே உரிமைச் சாசனம் என்பதைப் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் அங்குள்ள பள்ளிகளில் படிக்கின்றனர். அவ்வுரிமைகள் தலைவர்களின் பெருந்தன்மையால் கிடைத்த கொடை என்ற எண்ணம் அவர்களிடம் எளிதில் வேரூன்றிவிடும். 1789 பெப்ரவரி 2ஆம் நாள் வர்ஜீனியா மாநிலத்தின் ஐந்தாம் தொகுதியில் நடைபெற்ற தேர்தல் வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது.

அரசியலமைப்பை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர் ஜேம்ஸ் மேடிசன். எனினும் தனியாக ஓர் உரிமைச் சாசனம் தேவையில்லை என்றே அவர் தொடக்கத்தில் வாதிட்டார். அரசியலமைப்பை எதிர்த்த பேட்ரிக் ஹென்றியின் செல்வாக்கு மாநிலச் சட்டமன்றத்தில் ஓங்கியிருந்தது. செனட் அவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த அச்சட்டமன்றம் மேடிசனைப் புறக்கணித்தது. அவரது ஆரஞ்சு மாவட்டத்தை, அரசியலமைப்பை எதிர்த்த மாவட்டங்கள் மிகுந்த தொகுதியிலேயே சேர்த்தது. எதிர்த்து நின்றவரோ அவருடைய நண்பர் ஜேம்ஸ் மன்றோ.

இந்நிலையில் பாப்டிஸ்ட் கிறித்தவர்களின் வாக்குகள் இன்றியமையாதனவாயின. விடுதலைப் போருக்கு முன்னர் அரசு ஆதரவு பெற்ற ஆங்கிலத் திருச்சபையின் ஆதிக்கத்தில், உரிமம் இன்றிப் போதித்த பாப்டிஸ்ட் போதகர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். அத்துயரை மறவாத அச்சிறுபான்மையினர், புதிய அரசு தங்கள் மனச்சான்றின் உரிமையைக் காக்குமா என்று வினவினர். முதல் காங்கிரஸிலேயே திருத்தங்கள் கொண்டுவரப்பட வேண்டும் என்று மேடிசன் பாப்டிஸ்ட் போதகர் ஒருவருக்கு எழுத்து மூலம் உறுதியளித்தார். 1,308 வாக்குகள் பெற்று, 972 வாக்குகள் பெற்ற மன்றோவை வென்றார்.

வென்ற பின் அவர் வாக்கை மறக்கவில்லை. அதே ஆண்டு ஜூன் 8 அன்று திருத்தங்களை அவையில் முன்மொழிந்தார். அவற்றிலிருந்து உருவான பத்துத் திருத்தங்கள் 1791 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தன.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அன்றைய வர்ஜீனியாவில் நிலமுடைய வெள்ளை ஆண்களே வாக்களித்தனர். மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் அடிமைகள். பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட அவர்கள் ஐந்தில் மூன்று பங்காக எண்ணப்பட்டனர். ஆனால் ஒருவருக்கும் வாக்கு இல்லை. மேடிசனும் அடிமைகளை உடையவரே. வாக்குள்ள சிறுபான்மையினரின் குரல் சாசனமாயிற்று. வாக்கற்றோரின் விலங்கோ 1865 வரை முற்றாக அறுபடவில்லை.

ஆகவே குடியுரிமை பெற்றும் வாக்குச்சாவடிக்குச் செல்லாதிருப்போர் எதனை இழக்கின்றனர் என்பதைச் சிந்தித்தல் வேண்டும். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், தெளிவான ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் விடை பெறுவதற்குப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். வாக்கு இல்லாத அயலாருக்காகவும் அக்கேள்வியைக் கேட்க இளைஞர்கள் முன்வர வேண்டும்.