மரத்துக்கும் நாடி பார்ப்போம்

கல்லூரி விழா என்றாலே மரக்கன்று நடுதல் நிகழ்ச்சி நிரலில் தவறாது இடம்பெறுகிறது. சிறப்பு விருந்தினர் மண்வெட்டி பிடிக்கிறார், ஒளிப்படம் எடுக்கப்படுகிறது, நாமும் கைதட்டுகிறோம். அதே கன்று வளர்ந்து மரமாகிப் பதினைந்தாம் ஆண்டில் நிற்கும்போது அதன் அடியில் குனிந்து பார்ப்பவர் ஒருவரும் இலர். நடுதலில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் பேணுதலில் நாம் காட்டியதில்லை. இக்குற்றச்சாட்டுக்கு ஆளாவோருள் நாமும் அடக்கம்.

வேங்கிக்காலில் நாம் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு வேப்பமரம் நின்றது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக் கொடுக்க வரும் சிற்றூர் மக்களும் அதன் நிழலில் சற்று நின்று செல்வர். முதியோர் அமர வசதியாக இருக்கட்டும் என்று தெருவார் சேர்ந்து அதைச் சுற்றி மேடை கட்டினோம். நாமும் பங்குத்தொகை கொடுத்தோம். அடிமரத்தோடு ஒட்டச் சிமெண்டு பூசப்பட்டது. ஒரு விரல் நுழைய இடமில்லை. பின்னர் விளம்பரத் தகடுகள் ஆணியால் அறையப்பட்டன. மின்கம்பிக்கு இடையூறு என்று ஆண்டுதோறும் ஒரு பக்கத்துக் கிளைகளே கழிக்கப்பட்டன. ஒரு மழைக்காலத்தில் மேடைக்குச் சற்று மேலே கைப்பிடியளவு காளான்கள் முளைத்திருந்தன. பிள்ளைகள் அவற்றைக் காலால் தட்டி விளையாடினர். நாம் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குச் சென்றோம்.

அடுத்த மழைக்காலத்தில் ஓரிரவு அம்மரம் மேடை மட்டத்தில் ஒடிந்து விழுந்தது. நல்வேளையாக அடியில் ஆளில்லை. மறுநாள் எல்லாரும் பெருங்காற்றைப் பழித்தனர். அறுபட்ட அடிமரத்தைக் கண்டபோதுதான் உண்மை விளங்கிற்று. நடுவெல்லாம் உளுத்துப் பொடியாகிக் கிடந்தது. வெளிப்பட்டை மட்டுமே பசுமை காட்டி நம்மை ஏமாற்றியிருக்கிறது.

எல்லா ஊரிலும் இந்த நல்வேளை வாய்ப்பதில்லை. 2022 ஜூன் மாதம் சென்னை கே.கே. நகரில் சென்றுகொண்டிருந்த காரின்மீது மரம் சாய்ந்து வங்கி மேலாளராகிய ஓர் அம்மையார் உயிரிழந்தார். இத்தகைய செய்தி வந்ததும் ‘மரமே வேண்டாம், வெட்டுங்கள்’ என்று ஒரு சாரார் கூறத் தொடங்குகின்றனர். பேணாமை ஒரு தவறு என்றால், அச்சத்தால் வெட்டுவது மற்றொரு தவறு.

நமக்கு மரத்தைச் சோதிக்கத் தெரியாது என்று எவரும் கூற இயலாது. தென்னந்தோப்பு உடையவரைக் கேளுங்கள். தண்டில் துளையும் செந்நிறக் கசிவும் கண்டால் சிவப்புக் கூன்வண்டு என்கிறார். குருத்தோலை விசிறிபோல் வெட்டுண்டிருந்தால் காண்டாமிருக வண்டு என்று கம்பியோடு ஏறுகிறார். வேப்பங்கொட்டைத் தூளை மணலோடு கலந்து மட்டையிடுக்கில் இடுகிறார். சாலையோரப் புளியமரங்களுக்கும் எண் இட்டுப் பதிவேடு வைத்தனர். ஏனெனில் காய்ப்பு ஏலம் போயிற்று. காசு தரும் மரத்துக்குக் கணக்கு உண்டு. நிழல் மட்டும் தரும் புங்கனுக்கும் தூங்குமூஞ்சிக்கும் கணக்கு ஏது?

மரத்துக்கு மருத்துவம் என்பது நமக்குப் புதிதுமன்று. சுரபாலர் இயற்றிய வடமொழி விருட்சாயுர்வேதம் மரத்தின் நோய்களையும் வாதம், பித்தம், கபம் என்று பகுத்து மருந்து கூறுகிறது. நற்றிணையில் ஒரு புன்னை வருகிறது. சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்திவிட்டு மறந்துபோன விதை அது. முளைத்த பின் அதற்குப் பாலும் நெய்யும் பெய்து வளர்க்கிறார்கள். அதனால் அது அவர்களுக்குத் தமக்கை ஆயிற்று என்கிறாள் தாய். நட்டது தற்செயல், உறவு பேணலால் வந்தது. இப்பாடலை வகுப்பில் பல்லாண்டு விளக்கிய பின்னும் தெருமுனை வேம்பின் காளானை நாம் கவனிக்கவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

இக்கால மருத்துவத்துக்கும் சான்று உண்டு. தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே பில்லலமர்ரி என்னும் பேராலமரம், எழுநூறு ஆண்டு முதியது என்பர், கரையான் அரித்து நலிந்தது. 2017 இறுதியில் கிளை ஒன்று முறிந்து விழவே பார்வையாளர் தடுக்கப்பட்டனர். 2018-இல் குளோர்பைரிபாஸ் மருந்தை நீரில் கலந்து, மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றுவதுபோல் குப்பிகளைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக மரத்துக்குள் செலுத்தினர். தாழ்ந்த கிளைகளுக்குச் சிமெண்டுத் தூண்கள் முட்டுக் கொடுத்தன. (அது நஞ்சு, வல்லுநர் கையில்தான் மருந்து. படித்த ஆர்வத்தில் மாணவர் எவரும் முயல வேண்டா.) சென்னையில் 2019-இல் அப்துல் கனி முதலானோர் முயற்சியால் மரங்களுக்கென்றே ஓர் ஆம்புலன்சு வண்டி ஓடத் தொடங்கியது.

இத்துறையில் நாம் நம்பிவரும் சில பழக்கங்களே தவறானவை. பொந்தைச் சிமெண்டு இட்டு அடைப்பது நன்மை என்று எண்ணினோம். மரம் காற்றில் அசையும், சிமெண்டு அசையாது. இடையில் நீர் தங்கி அழுகல் பெருகும். வெட்டிய இடத்தில் தார் பூசுவதும் அப்படியே. மரத்தின் புண் நம் புண்போல் ஆறுவதில்லை என்றும், மரம் அழுகலைச் சுற்றித் தானே அரண் எழுப்பிக்கொள்கிறது என்றும் அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் சைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துக் காட்டினார். ஆகவே கிளையின் அடியில் புடைத்திருக்கும் வளையத்தைச் சிதைக்காமல், முளைபோல் நீட்டியும் விடாமல் வெட்ட வேண்டும். நம் தெருக்களில் அரிவாள் பிடிப்போருக்கு இதை யார் சொன்னார்கள்?

2021-ஐ ஒட்டித் தெலங்கானாவில் வேப்பமரங்கள் நுனி கருகிப் பட்டுப்போனவைபோல் நின்றன. பூஞ்சை நோய் அது. பொறுத்தவர்களின் மரங்கள் பல மீண்டும் துளிர்த்தன. கோடரியை முந்தவிட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2016-இல் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது ஊர் குரல் எழுப்பிற்று. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. வெட்டினால் கேட்க ஆள் இருக்கிறது. மூச்சுத் திணறி மெல்லச் சாகும் மரத்துக்கு வழக்காட எவர் வருவர்? அதே தீர்ப்பாயம் 2013-இலேயே தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காரையை அகற்றவும், ஆணிகளையும் பலகைகளையும் நீக்கவும் ஆணையிட்டது.

நம் வளாகத்திலிருந்து தொடங்கலாம் என்பது நம் கருத்து. மரந்தோறும் ஓர் எண். பதிவேட்டில் ஒரு பக்கம். ஆண்டுக்கொருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணியில் பார்த்தால் போதும்: அடியில் காளான் உண்டா, கரையான் மண் ஏறியிருக்கிறதா, பட்ட கிளை தொங்குகிறதா, கவையில் வெடிப்பு விட்டிருக்கிறதா, கடந்த ஆண்டைவிடச் சாய்ந்திருக்கிறதா, மரச்சுத்தியால் தட்டினால் பொந்தின் ஒலி எழுகிறதா. தாவரவியல் மாணவர் பார்க்கட்டும். தமிழ் மாணவர் எழுதட்டும். ஐயம் எழும் மரத்துக்கு மட்டும் வேளாண்மை அல்லது வனத்துறை அலுவலரை அழைக்கலாம்.

தெருமுனை மேடை இன்னும் அங்கேதான் இருக்கிறது, நடுவில் ஓர் உளுத்த கட்டையோடு. அதை இடித்து, புதுக்கன்றுக்குச் சுற்றிலும் ஒரு மீட்டர் மண்ணை விடுவோம் என்று தெருவாரிடம் கேட்டிருக்கிறோம். பெரியவர் இருவர், உட்கார வேறு இடம் எங்கே என்கின்றனர். மேடையைச் சற்றுத் தள்ளிக் கட்டும் செலவில் நம் பங்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.