காலியாகக் கிடந்த நாற்காலி

அன்புச் செல்லங்களே!

தேர்தல் முடிவு வரும் நாளில் மதுரை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஓட்டு எண்ணும் இடத்தின் வாசலில் பெருங்கூட்டம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு பக்கம் விசில், மறு பக்கம் அமைதி. இருட்டியதும் தெருவெல்லாம் சரவெடி, தப்பாட்டம், போவோர் வருவோருக்கெல்லாம் லட்டு! நண்பர்களோடு தெருமுனையில் நின்று வேடிக்கை பார்ப்பது உங்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. எந்தக் கட்சி என்றே தெரியாமல் லட்டு வாங்கித் தின்றவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

சரி, ஒரு கேள்வி. யார் ஜெயித்தார் என்பதைவிட, தேர்தல் நடந்ததே பெரிய விஷயம் என்று கொண்டாடிய ஊர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? அவை எங்கோ தூரத்தில் இல்லை. நம் மதுரைப் பக்கம்தான்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் 1996ஆம் ஆண்டு, தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. காலம் காலமாக ஒதுக்கி வைக்கப்பட்டவர்களும் ஊரை நிர்வாகம் செய்ய வேண்டும் என்பதற்காக நம் அரசியல் சட்டம் செய்த ஏற்பாடு இது. ஆனால், 'அவர்கள் அந்த நாற்காலியில் உட்காருவதா?' என்று பிற சாதியினர் பலர் எதிர்த்தார்கள்.

என்ன நடந்தது தெரியுமா? தேர்தல் அறிவிப்பார்கள், பயத்தில் யாரும் மனு கொடுக்க வர மாட்டார்கள். சில முறை ஒருவர் ஜெயித்தும் பயன் இல்லை. பதவி ஏற்ற கையோடு அவரை ராஜினாமா செய்ய வைத்துவிடுவார்கள். இப்படியே பத்து வருடங்கள் ஓடின! அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பையே முடித்திருக்கும். நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று முறையிட, ஊர் தேர்ந்தெடுத்த தலைவர் என்று ஒருவர் இல்லை.

அந்தப் பயம் காரணமில்லாத பயம் அல்ல. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சியில் துணிந்து நின்று தலைவரானவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் இருந்து பஸ்சில் ஊர் திரும்பும் வழியில், அவரும் உடன் வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததற்கு உயிரையே விலையாகக் கேட்டது சாதி. படிக்கவே மனம் கனக்கிறது அல்லவா? ஆனாலும், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

2006 அக்டோபரில்தான் வழி பிறந்தது. அப்போது மதுரை மாவட்டக் கலெக்டராக இருந்த உதயச்சந்திரனும் அதிகாரிகளும் கிராமங்களுக்கே போய் மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒரு முறை அல்ல, பல முறை! அரசியல் கட்சியினரும் பொதுநல அமைப்பினரும் தொடர்ந்து குரல் கொடுத்தார்கள். நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. நான்கு தலைவர்கள் பதவி ஏற்றார்கள். அடுத்த மாதமே சென்னையில் 'சமத்துவப் பெருவிழா' நடத்தி, அவர்களைப் பாராட்டினார் அன்றைய முதல்வர் கருணாநிதி. சின்னஞ்சிறு கிராமத்துத் தலைவர்களுக்குத் தலைநகரில் விழா! அந்த வெற்றியின் அருமை அப்படி.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2008 நவம்பர் 4 இரவு, அமெரிக்காவின் சிகாகோ நகரப் பூங்காவில் லட்சத்துக்கும் அதிகமானோர் திரண்டார்கள். அந்த நாட்டின் முதல் கறுப்பின அதிபராக ஒபாமா ஜெயித்த இரவு அது. நண்பர்களைக் கட்டிப் பிடித்துச் சிரித்தவர்களும் உண்டு. கண்ணீர் விட்ட பெரியவர்களும் உண்டு. ஓட்டுப் போடப் போன கறுப்பின மக்களை விரட்டி அடித்த காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். 'இவர்கள் உட்காரவே கூடாது' என்று சொன்ன நாற்காலியில் ஒருவர் உட்காரும்போது வரும் மகிழ்ச்சி, சிகாகோவிலும் ஒன்றுதான், பாப்பாபட்டியிலும் ஒன்றுதான்.

ஆனால், வெடிச் சத்தம் ஓய்ந்ததோடு வேலை முடிந்துவிடுமா? 2020ஆம் ஆண்டு, கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் பத்திரிகைகளில் வெளிவந்து எல்லாரையும் தலைகுனிய வைத்தது. மற்றவர்கள் உட்கார்ந்திருந்தது நாற்காலியில்! தேர்தலில் ஜெயிப்பது ஒரு நாள் சங்கதி. ஜெயித்தவரை மதித்து உட்கார வைப்பது தினம் தினம் செய்ய வேண்டிய காரியம்.

இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. உங்கள் வகுப்பில் லீடர் தேர்ந்தெடுக்கும்போது, 'அவன் எந்தத் தெரு, அவள் யார் வீட்டுப் பெண்' என்று யாராவது கிசுகிசுத்தால், 'அதைப் பற்றி நமக்கென்ன?' என்று சட்டென்று கேளுங்கள். நீங்கள் ஓட்டுப் போடாதவர் லீடராக வந்தாலும் அவர் சொல்வதைக் கேட்டு நடங்கள். தெருவில் வெற்றிக் கொண்டாட்டம் என்றால், தோற்ற கட்சிக்கு உழைத்தவரின் பிள்ளையும் உங்கள் நண்பன்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அவன் வீட்டு வாசலில் வெடி வேண்டாம். லட்டில் பாதி அவனுக்கும் கொடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் நடந்த கிராமசபைக் கூட்டத்துக்கு அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலினே வந்து மக்களோடு பேசினார். காந்தி ஜெயந்தி, குடியரசு தினம், சுதந்திர தினம், மே தினம் போன்ற நாட்களில் எல்லா ஊராட்சிகளிலும் கிராமசபை கூடும். ஊர்ப் பிள்ளைகள் அப்பா, அம்மாவோடு போய்ப் பாருங்கள். பட்டணத்துப் பிள்ளைகள் தாத்தா ஊருக்குப் போகும்போது பாருங்கள். யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் ஒதுங்கி நிற்கிறார்கள், யாருக்கு நாற்காலி போடவில்லை என்று கவனியுங்கள். 18 வயதில் முதல் ஓட்டுப் போடும்போது அது உங்களுக்கு நினைவு வர வேண்டும்.

நாளைக்கே உங்கள் வகுப்பில் யாராவது தனியாக உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிடுங்கள். செய்வீர்கள்தானே?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்