இளவரசர் ஹொலிவூட் போனார், நாம் பிள்ளைகளின் நாடகத்தை நிறுத்தினோம்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபப்பட நினைப்பவர்கள் கடைசி வரி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

2018 மார்ச் மாதம் சவூதியின் முடிக்குரிய இளவரசர் முஹம்மத் பின் சல்மான் அமெரிக்கா போனார். வாஷிங்டனில் ட்ரம்பைச் சந்தித்ததோடு பயணம் முடியவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே ரூபர்ட் மேர்டொக்கின் வீட்டில் விருந்து. டிஸ்னி உட்பட ஹொலிவூட்டின் பெரிய ஸ்டூடியோக்களை நடத்துபவர்களைச் சந்தித்தார். மோர்கன் ஃப்ரீமன், டுவெய்ன் ஜோன்சன் போன்ற நடிகர்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் அது ஒரு வியாபாரப் பயணம். அதே ஏப்ரல் 18ஆம் திகதி, 35 வருடங்களுக்கு மேல் தடை இருந்த நாட்டில், ரியாத் நகரில் சினிமா தியேட்டர் திறந்தது. அப்போது நடத்தியது ஏ.எம்.சி. என்ற அமெரிக்கக் கம்பனி. முதல் படம் 'பிளாக் பாந்தர்'.

இப்போது நம் பக்கம் வருவோம்.

எண்பதுகளுக்குப் பிறகு வளைகுடாவிலிருந்து நமக்கு உழைப்பு வந்தது, புலமைப்பரிசில் வந்தது, புத்தகங்கள் வந்தன. அவற்றால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது அந்தக் காசில்தான். ஆனால் கூடவே ஒரு பயமும் வந்தது. தொலைக்காட்சி ஷைத்தானின் பெட்டி, படம் பிடிப்பது ஹராம், நடிப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று பயான்களில் கேட்டோம். நம் மூத்தாப்பாமார் கல்யாண வீடுகளில் அடித்த பொல்லடியும் றபானும், ரமழான் இரவுகளில் தெருவில் வந்த பக்கீர் பைத்தும் ஒவ்வொன்றாக அடங்கின. இலங்கை வானொலி முஸ்லிம் சேவையில் நாடகம் கேட்பதற்காக வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்த உம்மாமார் நம் வீடுகளிலேயே இருந்தார்கள். அதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லவும் வெட்கப்பட்டோம்.

பிறகு ஒரு நாள், எங்கிருந்து அந்தப் பயம் வந்ததோ அங்கேயே தியேட்டர் திறந்தது. நமக்கு யாரும் கடிதம் போட்டுச் சொல்லவில்லை.

"அவர்கள் வழிதவறினால் நாமும் தவற வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர்களைப் பார்த்துத் தியேட்டர் கட்டுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அந்தப் பயணத்தைப் புகழவும் வரவில்லை. அடுத்த மாதமே, பெண்கள் வாகனம் ஓட்டும் உரிமைக்காகக் குரல் கொடுத்த பெண்கள் கைதானார்கள். ஒக்டோபர் 2ஆம் திகதி இஸ்தான்புல் துணைத் தூதரகத்தில் ஜமால் கஷோக்ஜி கொல்லப்பட்டார். எண்டெவர் என்ற ஹொலிவூட் நிறுவனம் சவூதி போட்ட 400 மில்லியன் டொலரை மறு வருடம் திருப்பிக் கொடுத்தது. காசு கொடுத்தால் ஸ்டூடியோக்காரர்கள் விருந்துக்கு வருவார்கள். சொந்தக் கதையைச் சொல்லும் துணிவு அதில் கிடைக்காது.

அந்தத் துணிவு அதே நாட்டில் முன்பே இருந்தது. 2012இல் ஹைஃபா அல் மன்சூர் 'வஜ்தா' என்ற படத்தை முழுவதும் சவூதியிலேயே எடுத்தார். சைக்கிள் வாங்க ஆசைப்பட்டு, அந்தப் பரிசுக் காசுக்காகக் குர்ஆன் போட்டியில் சேரும் ஒரு சிறுமியின் கதை. தெருவில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாததால் வேனுக்குள் இருந்து வோக்கிடோக்கியில் பேசி இயக்கினார். எந்த இளவரசரும் அவருக்காக விமானம் ஏறவில்லை.

2019ஐ நினைத்துப் பாருங்கள். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு நம் வீடுகளுக்குள் சோதனைக்கு வந்தவர்களோடு கமெராவும் வந்தது. கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பை தர்மச்சக்கரம் என்று சொல்லி ஹஸலகவில் ஒரு பெண்ணைக் கைது செய்தார்கள். குருநாகலில் ஒரு வைத்தியரை நாடு முழுக்க விசாரித்தது தொலைக்காட்சி. 2020இல் நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். பொரளை கனத்தை வேலியில் கட்டிய வெள்ளைத் துணிகள் நினைவிருக்கிறதா? இத்தனை நடந்தபோதும் கமெராவுக்குப் பின்னால் நம்மவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? எழுதத் தெரிந்தவர், எடிட் பண்ணத் தெரிந்தவர், சிங்களத்தில் நம் கதையைச் சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஹராம் என்று நாம் விட்டுவந்த இடத்தில் வேறு ஆட்கள் உட்கார்ந்து நம்மைப் பற்றிப் படம் காட்டினார்கள்.

அதற்குப் பிறகாவது திருந்தினோமா? நமக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் தமிழ்மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளே ஒரு நாடகம் எழுதினார்கள். எரிக்கப்பட்ட ஒரு மூத்தாப்பாவின் கதை. போட்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது ஊரில் சிலர் வந்து, நடிப்பு கூடாது, அதிலும் பெண் பிள்ளைகள் கூடவே கூடாது என்றார்கள். பெற்றோர் பயந்தார்கள். ஆசிரியர்களாகிய நாமும் பயந்தோம், அதை மறைக்க மாட்டோம். நாடகம் நின்றது. ஒரு பிள்ளை கேட்டாள்: "அப்ப எங்கட மூத்தாப்பாட கதைய ஆரு சேர் சொல்ற?"

பதில் சொல்ல நம்மிடம் வார்த்தை இருக்கவில்லை. அன்று வந்தவர்களில் ஒருவர் பிறகு உம்றா போனபோது ரியாத் சீசன் விளக்குகளுக்கு முன்னால் நின்று செல்ஃபி போட்டார். நாமும் போய் லைக் போட்டோம்.

மார்க்கத்தின் எல்லையை நம் உலமாக்களோடு உட்கார்ந்து பேசுவோம். என்ன கதை, என்ன உடை, யாரோடு மேடை என்று ஒழுங்கு வைப்போம். அதற்கு இடம் இருக்கிறது, அதற்குத் தயாரான மௌலவிமாரும் இருக்கிறார்கள். நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம், ஊடகக் கற்கையும் ஒரு பாடம். உங்கள் ஊர்ப் பாடசாலையில் அவற்றுக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் கேளுங்கள். பள்ளிக்கு இன்னொரு மினாரா கட்டக் காசு சேர்க்கும்போது, பாடசாலைக்கு ஒரு கமெராவும் ஒரு கணினியும் வாங்கச் சேருங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். எழுதிய கொப்பியை இன்னும் வைத்திருக்கிறாள். அடுத்த வருடமும் போட்டி வரும். அப்போது வாசலில் யார் வந்து நின்றாலும் பிள்ளைகளோடு நாம் நிற்க வேண்டும்.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் விளக்கத்தையும் துணிவையும் தருவானாக.