மஞ்சளுக்கு வக்கீல் யார்?

காயத்தில் மஞ்சளை அப்பினால் ஆறும் என்று கொடுமுடியில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார். 1995-ல் அமெரிக்காவின் மிசிசிபி பல்கலைக்கழக மருத்துவ மையம் இதையே தன் கண்டுபிடிப்பு என்று காப்புரிமை வாங்கியது. அது ரத்தானது நாம் கோஷம் போட்டதால் அல்ல. டெல்லியிலிருந்து சி.எஸ்.ஐ.ஆர்., அமெரிக்கச் சட்டப்படியே, அமெரிக்க அலுவலகத்திலேயே, 'இதில் புதுசு ஒன்றுமில்லை' என்று பழைய நூல்களை எடுத்துப் போட்டது. 1997-ல் காப்புரிமை காலி. அவர்கள் சட்டம் தெரிந்த ஆள் இருந்ததால் நம்ம மஞ்சள் தப்பித்தது.

அப்படிப்பட்ட ஆட்களை நம் சட்டக் கல்லூரிகள் உருவாக்குகின்றனவா? சர்வதேசச் சட்டம் என்று ஒரு பேப்பர் கட்டாயம் உண்டு. ஐ.நா.வுக்கு எத்தனை உறுப்புகள், வீட்டோ யாருக்கு என்று மனப்பாடம் செய்து பாஸாகிவிடலாம். எல்லை தாண்டும் வியாபாரச் சட்டமோ விருப்பப் பாடம்தான்.

"ஏனுங்க, ஈரோட்டுல செக் கேஸ் பாக்குற வக்கீலுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்பீர்கள்.

சொல்கிறேன். திருப்பூர் பனியன் ஆர்டரின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'தகராறு என்றால் லண்டனில் மத்தியஸ்தம்' என்று இருந்தால் என்ன ஆகும்? அங்கே வரும் தீர்ப்பை 1996-ம் வருடச் சட்டப்படி நம் ஹைகோர்ட்டே அமல்படுத்தும். யார் பக்கம் நியாயம் என்று மறுபடி விசாரிக்காது. 'நம்மூர் கோர்ட்டில் பார்த்துக்கலாம்' என்ற வீறாப்பு செல்லாது.

கோபியில் இருக்கும் மனைவி ஆஜராகாமலே, அமெரிக்காவில் கணவன் விவாகரத்து வாங்குகிறான். நம் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்கு இப்படித் தரப்படும் தீர்ப்பு இங்கே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 1991-லேயே சொல்லிவிட்டது. அதை அறியாத வக்கீலிடம் போனால் அந்தப் பெண்ணின் கதி?

2019-ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஆனால், அந்தப் பதிவு இந்திய எல்லையோடு சரி. வெளிநாட்டில் அதே பாதுகாப்பு வேண்டுமென்றால் அங்கேயும் பதிய வேண்டும். அந்த வேலையைச் செய்வது யார்?

புதுசாக இன்னொரு பேப்பர் வேண்டாம். மனப்பாடம்தான் கூடும். ஒப்பந்தச் சட்ட வகுப்பில் பனியன் ஆர்டரை வையுங்கள். குடும்பச் சட்ட வகுப்பில் அமெரிக்க விவாகரத்தை வையுங்கள். காப்புரிமை வகுப்பில் மஞ்சளை வையுங்கள். 2023-ல், வெளிநாட்டுச் சட்டத்துக்கு ஆலோசனை சொல்ல வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே வரலாம் என்று விதி போட்டது பார் கவுன்சில். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் அதே அக்கறை வேண்டாமா?

உங்கள் பிள்ளையைச் சட்டக் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்களா? லண்டன் தீர்ப்பு ஈரோட்டில் எப்படிச் செல்லும் என்று அங்கே சொல்லித்தருவார்களா என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு ஃபீஸ் கட்டுங்கள்.